பார் வைச்ச சைக்கிள்: றலியிலிருந்து அலுமினியம் வரை

எங்கட வீட்டு விறாந்தையில் இரண்டு வருடமாக ஒரு ரோட் பைக் நிற்கிறது. அலுமினியச் சட்டம், கார்பன் ஃபோர்க், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில், பின்சில்லில் எட்டு கியர். மாமாவின் மகன் 2022இல் கொழும்பில் வாங்கியது. கனடா போகிற அவசரத்தில் பாதி விலைக்கு என்னிடம் தந்துவிட்டுப் போனான். வெளிநாட்டில் இந்த ரகத்தை 'நடுத்தர விலை' என்பார்களாம். அம்மாவின் கணக்கு வேறு. அந்தக் காசுக்குக் கன்றோட ஒரு பசு வாங்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறா. தயிருக்குப் பேர்போன தம்பலகாமத்தில் அது நியாயமான கணக்கு என்பதால் நான் வாதாடுவதில்லை.

அம்மம்மா விலையைக் கேட்கவில்லை. சைக்கிளைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்துவிட்டு, "பார் வைச்ச சைக்கிளையோ பொம்பிளப்பிள்ளை ஓடப்போறாய்?" என்று மட்டும் கேட்டா.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. பார் என்றால் சீட்டுக்குக் கீழிருந்து ஹாண்டிலுக்குப் போகிற அந்தக் குறுக்குக் குழாய். எங்கட ஊரில் ஒரு சைக்கிள் யாருக்கு என்று தீர்மானிப்பது அதுதான். பார் இருந்தால் ஆம்பிளைச் சைக்கிள், இல்லாவிட்டால் லேடீஸ். ஆனால் ரோட் பைக்கில் அநேகமாக எல்லாவற்றுக்கும் பார் இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று தேடப்போய்த்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1885இல் இங்கிலாந்தின் கொவென்ற்றியில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு ஓடியவை முன்சில்லு ஆள் உயரத்துக்கு இருக்கிற உயரமான வண்டிகள். ரோவரில் இரண்டு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவு, பின்சில்லைச் செயின் இழுக்கும். அடுத்த சில வருடங்களில் அந்த வடிவம் இரண்டு முக்கோணத்தை ஒட்டி வைத்தது போன்ற சட்டமாக நிலைபெற்றது. முக்கோணம் நெளியாது. எனவே குறைந்த இரும்பில் கூடின பலம் கிடைக்கும். முன்முக்கோணத்தின் மேல்பக்கம்தான் பார். பாவாடைக்காக அதை எடுத்துவிட்டால், அதே பலத்துக்குக் கீழ்க்குழாயைத் தடிப்பாக்க வேண்டும், பாரமும் கூடும். அதாவது பார் இல்லாத சைக்கிள் பெண்ணின் உடம்புக்காகச் செய்யப்பட்டதல்ல, பெண்ணின் உடுப்புக்காகச் செய்யப்பட்டது. நான் ஓடும்போது போடுவது ட்ராக் பொட்டம். பிறகு என்ன பிரச்சினை?

பிரச்சினை பாருக்கு வெளியே இருக்கிறது. அதற்கு முதல் டயர் கதை ஒன்று. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலில் இருந்து எடுத்துப்போன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி வந்து இறங்கியது இலங்கையில், கம்பஹாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொட தோட்டத்தில். அப்போது அவற்றால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. 1888இல் பெல்பாஸ்டில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லப், மகனின் மூன்று சில்லு வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து காப்புரிமை வாங்கினார். பிறகு உலகத்துக்கே ரப்பர் பசி பிடித்தது. முதலில் சைக்கிள், அடுத்து கார். ஆக, முதல் சைக்கிள்கள் எங்கட கரையில் கப்பலால் இறங்கிய காலத்திலேயே, அவற்றின் டயருக்கான மரம் இந்த மண்ணில் வளர்ந்துகொண்டிருந்தது. மரம் இங்கே, டயர் இங்கிலாந்தில், காசு யாரிடமோ.

வந்த சைக்கிள்களில் எங்கட ஆக்களின் வாயில் நிலைத்த பெயர்கள் இரண்டு: றலி, ஹம்பர். ஹம்பரை இருட்டிலும் அடையாளம் காணலாம், முன் ஃபோர்க்கில் பக்கத்துக்கு இரட்டைக் குழாய் இருக்கும். ஹம்பரா றலியா திறம் என்று சண்டை பிடித்த கிழவர்களுக்கு யாரும் சொல்லாத விசயம் ஒன்று உண்டு. 1932இலேயே றலி ஹம்பரின் சைக்கிள் வியாபாரத்தை வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டும் ஒரே முதலாளியின் சாமான்.

அந்தக் காலத்தில் சைக்கிள் ஒரு சொத்து. உள்ளூராட்சி சபைக்கு வருடாவருடம் வரி கட்டித் தகடு வாங்க வேண்டும், தகடில்லாமல் ஓடினால் பிடிப்பார்கள். சீதனப் பேச்சில்கூட சைக்கிள் வந்திருக்கிறது. 1970இலிருந்து 1977 வரை சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கியபோது, ஏற்கெனவே ஒரு றலி வைத்திருந்தவர் அதைப் பிள்ளை மாதிரிப் பார்த்தார். செயின் கவருக்குள் எண்ணெய், சீட்டுக்கு உறை, மழை வந்தால் முதலில் சைக்கிள் உள்ளே, பிறகுதான் விறகு.

அம்மப்பாவின் றலி அப்படிப்பட்டது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயலுக்குப் போனதும், நெல்மூட்டையைக் கரியரில் கட்டி வந்ததும், ஆதிகோணேஸ்வரர் கோயில் திருவிழாவுக்குப் போனதும் அதில்தான். திருகோணமலைப் பட்டணத்துக்கு 24 கிலோமீட்டரளவு. ஹாண்டிலின் இரண்டு பக்கமும் தயிர்ச்சட்டி தொங்க விடிய முதல் வெளிக்கிட்டால், வெயில் ஏறமுதல் சட்டி வித்துவிடுமாம். அம்மம்மா சைக்கிள் ஓடப் பழகவேயில்லை. ஆனால் கலியாணம் முடித்த புதிதில் பாரில் இருந்து பட்டணத்துக்குப் படம் பார்க்கப் போயிருக்கிறா. "பார் நோகும்" என்று சொன்னா. "துவாய் மடிச்சுப் போட்டுத்தான் இருக்கிறது." இதைச் சொல்லும்போது சிரித்தா. பார் வைச்ச சைக்கிளில் பொம்பிளைக்கு இடம் இருந்திருக்கிறது, ஓடுகிற இடம் மட்டும் இல்லை.

1990 ஜூனில் கிழக்கில் மறுபடி சண்டை தொடங்கியது. எங்கட குடும்பம் காட்டுக்குள்ளால் நடந்தது. றலியில் அரிசி, பாய், அதற்கு மேல் அப்போது சின்னப்பிள்ளையாக இருந்த அம்மா. சில்லு சேற்றில் புதைந்த இடத்தில் பாரத்தை இறக்கித் தோளில் ஏற்றிக்கொண்டு, சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டுப் போனார்கள். அம்மப்பா அதைப் பூட்டிவிட்டுப் போனார் என்பதை அம்மம்மா ஒவ்வொரு முறையும் சொல்லுவா. திறப்பு கனகாலம் வீட்டில் கிடந்தது. சைக்கிள் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அவர் வேறு றலி வாங்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை. வடக்கில் இதே காலத்தில் ஒரு சமூகமே சைக்கிளில் ஏறியது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகவில்லை, மின்சாரமும் இல்லை. நோயாளி, பிரசவத்துக்குப் போகிற தாய், மரக்கறி, விறகு எல்லாமே சைக்கிளில் போனது. பற்றரி கிடைக்காததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். செய்தி முடியும் வரைக்கும் ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது, அத்தனை சைக்கிளும் ஓடவல்ல, உருட்டத்தான் பயன்பட்டன. ஏற இடமில்லை.

அதனால்தான் 'பொழுதுபோக்குக்குச் சைக்கிள் ஓடுறேன்' என்று ஊரில் சொல்ல எனக்கு நாக்கு கூசும். எங்கட ஆக்களுக்குச் சைக்கிள் என்றால் பாரம். கரியரே இல்லாத ஒரு சைக்கிளைக் காட்டினால் முதல் கேள்வி, "இதில என்னத்தைக் கொண்டுபோறது?" ஒன்றையும் இல்லை. என்னை மட்டும்தான்.

இனி அலுமினியத்துக்கு வருவோம், இதில்தான் எனக்கு நிறைய ஆச்சரியம் கிடைத்தது. 1886இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் மார்ட்டின் ஹோல், பிரான்சில் போல் எரூ என்று இரண்டு பேர், ஒருவரை ஒருவர் தெரியாமல், மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 23. (எங்கட வயசு! நாங்கள் அசைன்மென்டுக்கு நாள் நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.) அதுவரை விலையுயர்ந்த உலோகமாக இருந்த அலுமினியம் அதன் பிறகு சட்டிபானைக்கு இறங்கியது. அடுத்த பத்து வருடத்திலேயே அமெரிக்காவில் ஒருவர் அலுமினியத்தை வார்த்துச் சைக்கிள் சட்டம் செய்து பார்த்திருக்கிறார். ஆனால் அது நிலைக்கவில்லை.

காரணம் எளிது. அலுமினியத்தின் பாரம் இரும்பில் மூன்றில் ஒன்று, ஆனால் விறைப்பும் மூன்றில் ஒன்றுதான். றலியின் குழாய் அளவிலேயே செய்தால் சட்டம் நெளியும். 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த கெரி க்ளைன் வேறு விதமாக யோசித்தார். குழாயின் விட்டத்தைக் கூட்டு, சுவரை மெல்லிதாக விடு. சுவர்த் தடிப்பு மாறாமல் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகிறது. 1983இல் கனொன்டேல் நிறுவனம் பருத்த குழாய்ச் சைக்கிள்களை விற்கத் தொடங்கியது. 1998இல் இத்தாலியின் மார்க்கோ பன்டானி டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்றது அலுமினியச் சைக்கிளில். அலுமினியத்தில் ஒருவர் அந்தப் போட்டியை வென்றது அதுதான் கடைசி. பிறகு முன்வரிசைக்குக் கார்பன் வந்தது, அலுமினியம் என்னைப் போன்ற ஆக்களின் விலைக்கு இறங்கியது. என் சைக்கிளைப் பார்த்து அம்மம்மா "வாழைத்தண்டு மாதிரி மொத்தமா இருக்கு, பாரமும் கூட என்ன?" என்று நினைத்தா. தூக்கிக் காட்டினேன். பத்துக் கிலோ வரும். பழைய றலி அதில் இரண்டு மடங்கு.

இந்த ரகச் சைக்கிள் இலங்கைக்கு முற்றிலும் அந்நியம் என்றும் சொல்ல முடியாது. நாம் ரோட்டில் காண்கிற லுமாலாவைச் செய்யும் பாணந்துறைக் கம்பனி ஐரோப்பாவுக்கும் சைக்கிள் ஏற்றுமதி செய்தது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம், சீனச் சைக்கிள்களுக்குப் போட்டிருந்த 48.5 வீதத் தண்டத் தீர்வையை இந்தோனேசியா, மலேசியா, இலங்கை, துனிசியா ஆகிய நாடுகளிலிருந்து வரும் சைக்கிள்களுக்கும் நீட்டியது. சீன உதிரிகளை இங்கே பொருத்தி அனுப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு லக்சம்பர்க் நீதிமன்றம் வரை போனது, 2017 ஜனவரியில் இலங்கைக் கம்பனிக்குச் சார்பான தீர்ப்பே நிலைத்தது. ஆனால் இவ்வளவு காலமும் அந்த நல்ல சைக்கிள்கள் துறைமுகத்துக்குப் போனதே தவிர, எங்கட ஊர்க் கடைக்கு வரவில்லை. இங்கே வந்தது பாரமான இரும்பும், வருடம் இரண்டில் துருப்பிடிக்கிற மலிவுச் சைக்கிள்களும்தான்.

2022 வந்தது. ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஜூன் 27இல், ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். கொழும்பில் சேர்ட் போட்ட ஒபிஸ்காரரும் சைக்கிளில் ஏறினார்கள், விலையும் ஏறியது. என் மச்சான் இதை வாங்கியது அப்போதுதான். எங்களுக்கு இதில் ஒரு தனிப் பகிடி உண்டு. தம்பலகாமத்திலிருந்து பட்டணம் போகிற வழியில், சீனக்குடாவில், வெள்ளைக்காரன் தன் கடற்படைக்காகக் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன. அந்த வருடம் ஜனவரியில்தான் அவற்றை யார் எத்தனை வைத்திருப்பது என்று இந்தியக் கம்பனியோடு ஒப்பந்தம் எழுதினார்கள். சில மாதத்தில், அந்தத் தாங்கிகளைக் கடந்து நாங்கள் வெறும் பெற்றோல் செட்டைப் பார்த்துக்கொண்டு சைக்கிள் உழக்கினோம்.

சரி, ஓட எப்படி இருக்கிறது? முதல் நாள் நான் பயந்துபோனேன். உழக்கின உடனேயே பாய்கிறது. இரும்புச் சைக்கிளில் காலுக்கும் சில்லுக்கும் நடுவே ஒரு சின்னத் தூக்கம் இருக்கும், இதில் அது இல்லை. ஏ6 வீதி கார்ப்பெட் போட்டது, விடியக்காலையில் கந்தளாய்ப் பக்கம் போனால் இரண்டு பக்கமும் வயல், கொக்கு, பனி. திரும்பி வரும்போது பட்டணத்துப் பஸ் வாலில் தூசி. ஆடி மாதம் மட்டும் கதை மாறும். கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது கந்தளாய் போகிற பாதை சுவரை உழக்குகிற மாதிரி இருக்கும். வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். குனிந்து பிடிக்கிற அந்த வளைந்த ஹாண்டில் எதற்கு என்று எனக்கு விளங்கியது அந்தக் காற்றில்தான்.

அலுமினியம் குலுக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் குலுக்குவது டயர். 25 மில்லிமீட்டர் டயரைக் கல்லு மாதிரி இறுக்கி அடித்துக்கொண்டு ஊர் ஒழுங்கைக்குள் போனால் பல்லு ஆடும். 28 போட்டுக் காற்றைக் குறைத்த பிறகு கை விறைப்பது நின்றது. ஆனால் அந்த டயரை வாங்கக் கொழும்புக்குச் சொல்ல வேண்டும். றலிச் சில்லும் இதுவும் பார்வைக்கு ஒரே அளவு, றிம்மில் டயர் உட்காருகிற இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டருக்கும் 622க்கும் உள்ள வித்தியாசம். அந்த 13 மில்லிமீட்டரால் ஊரில் எந்தக் கடையின் டயரும் எனக்கு ஆகாது. வால்வும் அப்படித்தான். இங்கே பழகியது உள்ளே சின்ன ரப்பர்க் குழாய் போடுகிற வால்வு. என்னுடையதில் நுனியில் இருக்கிற குட்டித் திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். அது தெரியாமல் மூன்று பேர் சேர்ந்து அரை மணித்தியாலம் பம்மோடு மல்லுக்கட்டினோம். பிறகு விரல் நுனி அளவில் ஒரு பித்தளை அடப்டர் வாங்கித் திறப்புக்கோர்வையில் மாட்டி வைத்திருக்கிறேன்.

மெய்யான அடி போன மாதம் விழுந்தது. ரயில் தண்டவாளத்தைச் சரிவாகக் கடக்கப்போய், சில்லு சிக்கி, வலப்பக்கம் விழுந்தேன். முழங்கையில் தோல் போனது, அது ஆறிவிட்டது. பின் கியரைப் பிடித்திருக்கிற ஹாங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு வளைந்துவிட்டது. அதை வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள். விழும்போது அது வளைந்தால் சட்டம் தப்பும் என்பது கணக்கு. நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு மொடலுக்கும் ஒவ்வொரு வடிவம்.

சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற அண்ணையிடம் கொண்டுபோனேன். நாற்பது வருடமாகச் சில்லுக்குக் கம்பி பின்னுகிறவர். ஹாங்கரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது இரும்பில்லை. நிமித்தினா உடையும்" என்றார். நான்தான் நிமிர்த்தச் சொன்னேன். உடைந்தது.

"ஒட்ட ஏலாதா அண்ணை?"

"வெல்டிங் பிடிக்கலாம். பிறகு நீ ஓடேக்க எந்த இடத்தில விடும் எண்டு எனக்குத் தெரியாது."

அவர் சொன்னது சரி என்று பிறகு வாசித்தேன். சைக்கிளுக்கு வழக்கமாகப் பாவிக்கிற 6061 அலுமினியக் கலவையை வெல்டிங் பிடித்தால் அந்த இடம் பலமிழக்கும். தொழிற்சாலையில் முழுச் சட்டத்தையும் 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு பல மணித்தியாலம் குறைந்த சூட்டில் வைத்துத்தான் பலத்தை மீட்கிறார்கள். இன்னொன்று, ஓரளவுக்குக் கீழே உள்ள அழுத்தத்தை இரும்பு எத்தனை லட்சம் முறையும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பத்திரமான எல்லை இல்லை, ஒவ்வொரு குலுக்கும் கணக்கில் சேரும். அம்மப்பாவின் றலி இன்றைக்கும் அந்தக் காட்டில் கிடந்தால், துருவைச் சுரண்டி, வெடித்த இடத்தைப் பற்றவைத்து, இந்த அண்ணை ஓட விட்டிருப்பார். என்னுடையதுக்கு அவரால் செய்யக்கூடியது தலையாட்டுவது மட்டும். யாராவது ஊரில் ரோட் பைக் வாங்க யோசித்தால் நான் சொல்வது இதைத்தான்: வாங்குங்கோ, ஆனால் வாங்குகிற அன்றைக்கே இரண்டு ஹாங்கரும் சேர்த்து வாங்குங்கோ.

அம்மம்மாவின் கேள்விக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகிற பெட்டையள் எங்கட பக்கத்தில் கூட்டமாகச் சைக்கிளில் போவார்கள், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் சீருடையைக் கழற்றிய பிறகு சைக்கிளில் போகிற பெண் என்றால், எங்கே போகிறாள் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். ரியூசன், கடை, வேலை. காரணமில்லாமல் கந்தளாய் வரை போய்த் திரும்பி வந்தால்? "அங்க யாரிட்ட போனவள்?" இந்தக் கேள்வியை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். அண்ணாமார் அதே ரோட்டில் போனால் 'உடம்புக்கு நல்லது'.

தமிழ்நாட்டில் 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓடப் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் ஒரு விசயம் எனக்கு மறக்கவில்லை. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது பெண்கள் ஆம்பிளைச் சைக்கிளையே வாங்கினார்கள், சிலர் அதைத்தான் விரும்பினார்கள். பாரில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகலாமே!

இதை அம்மம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "எங்களுக்கு அப்ப ஆரும் சொல்லித் தரேல்லையே" என்றா. நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

மச்சான் ஸ்காபரோவில் இருந்து ஹாங்கர் அனுப்பியிருக்கிறான், எங்கட ஊர் ஆள் ஒருவர் வருகிற மாதம் வரும்போது கொண்டுவருவார். அதுவரை அம்மாவின் லுமாலாவில் ஓடுகிறேன். முன்கூடை, பின்கரியர், பார் இல்லை. நேற்று அதில் கந்தளாய்ப் பக்கம் போய் வந்தேன். ஒன்றேகால் மணித்தியாலம் கூட எடுத்தது. வழியில் தெரிந்த மாமா ஒருவர் மறித்து எங்கே போகிறாய் என்று கேட்டார். "சும்மா மாமா" என்றேன்.